மாதையன் சொல்லி முடிக்கட்டும்

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கொடியிலிருந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, "என்னாங்க, கொமட்டுதா?" என்று கேட்டாள். "இல்ல, உன் மகன் கடுதாசி போட்டிருக்கான்" என்றேன். அந்தப் பதில் அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

கோபத்தில் எழுதக்கூடாது என்று சில நாள் காத்திருந்தேன், தம்பி. பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். ஒரு பையன் பொய் சொல்லிவிட்டால் அந்த நிமிடமே பிடித்து உலுக்கமாட்டேன். மத்தியானச் சாப்பாடு முடியட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். அதற்குள் அவனுக்கும் பயம் தெளிந்திருக்கும், எனக்கும் கோபம் ஆறியிருக்கும். இப்போதும் கோபம் ஆறிவிட்டது. அருவருப்புதான் போகமாட்டேன் என்கிறது. அது உன்மேல் வந்ததா, உன்னை இப்படி எழுத வைத்தவர்கள்மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். அரூர்ப் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் உனக்குக் கிடைத்திருப்பது தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கும் நேரம் வந்திருக்கிறது. இந்தச் சமயம் பார்த்து, ஒவ்வொரு வாத்தியாரும் குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை முகாமுக்கு ஆள் கொண்டுவர வேண்டும் என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். ஆள் கொண்டுவராதவருக்குச் சம்பளம் நிற்கும். உன்னைப் போன்ற தற்காலிகக்காரர்களுக்கு வேலையே நிற்கும். அதிகாரி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய்: "வாத்தியார் பேச்சுன்னா ஊர்ல மறுபேச்சு இல்லைங்கறீங்க இல்ல? அந்த மரியாதைய வெச்சு ஆளப் புடிச்சுக்கிட்டு வாய்யா." நீ போகிற ஊர்களில் உன் சைக்கிளைக் கண்டதும் ஆம்பளைகள் எல்லாம் கொல்லைக்காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். முகாம் வருகிற புதன்கிழமை. உனக்கு ஒரு ஆள் குறைகிறது. அதனால் நம் ஊர் மாதையனிடம் நான் பேசி, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உன்னிடம் அனுப்பி வைக்க வேண்டும். "அவன் உங்கள் பேச்சைத் தட்டமாட்டான். கல்யாணமும் அவனுக்கு ஆகப்போவதில்லை. ஊசி என்று சொன்னால் போதும் அப்பா, அதற்கு மேல் அவனுக்குப் புரியவும் புரியாது."

இதுதானே நீ எழுதியது? ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை.

போன மாதம் அதியமான்கோட்டையில் ரோட்டோரக் கடையில் டீ குடிக்க நின்றேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு வாத்தியார்கள். ஒருவன் வேலைக்கு வந்த புதிதில் என்னிடம்தான் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டவன். நான் தூணுக்குப் பின்னால் நின்றதால் அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

"எனக்கு இன்னம் ஒரு கேஸ் கொறையுதுய்யா. உங்கிட்ட மிச்சம் கிச்சம் இருந்தா குடேன்."

"எங்கிட்ட இருந்ததே ஒண்ணு. அதுவும் கெழடு. வாயில பேருக்கு ஒரு பல்லு இல்ல."

"ஆபரேசன் என்ன பல்லுக்கா பண்றாங்க?"

இருவரும் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம்தான் என் மாணவன், அந்தக் கிழவரைப் பிடித்தவன், என்னைப் பார்த்தான். சட்டென்று எழுந்து, "ஐயா, வாங்கய்யா, உக்காருங்கய்யா" என்று தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தான். அந்தப் பெரியவர் யார் என்று கேட்டேன். "பேரெல்லாம் தெரியாதுங்கய்யா, சந்தையில புடிச்சது" என்றான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு ஐயா, பெஞ்சைத் துடைக்கத் துண்டு, எழுந்து நிற்கும் பணிவு, எல்லாம் இருந்தது. சந்தையில் பிடிபட்ட அந்தக் கிழவருக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. வாங்கிய டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், என் மகன் நல்லவேளை இந்தக் கூட்டத்தில் இல்லை என்று. உன் கடிதத்தைப் படித்தபோது அந்த டீ ஞாபகம்தான் வந்தது. வாய் கொப்பளித்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

நீ நினைக்கலாம், அப்பா பழைய காலத்து ஆள், இந்த அறுவைச் சிகிச்சையே அவருக்குப் பிடிக்கவில்லை என்று. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நானே அதைச் செய்துகொண்டவன். உன் தங்கை பிறந்தபோது உன் அம்மா பிழைத்தது பெரிய காரியம். இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நானாகப் போனேன். அங்கே இருந்த டாக்டர் என்னை உட்கார வைத்து, எங்கே வெட்டுவார்கள், எதைக் கட்டுவார்கள், அதன்பின் என்ன மாறும், என்ன மாறாது என்று ஒரு துண்டுத் தாளில் படம் போட்டு விளக்கினார். சின்ன வகுப்புக்கு நான் பாடம் நடத்துவதுபோல நடத்தினார். பிறகு, "வூட்டுக்குப் போயி உங்க சம்சாரத்தையும் கேட்டுட்டு அடுத்த வாரம் வாங்க. அதுக்கப்புறமும் இதே மனசு இருந்தா பாத்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் போனேன். அப்போதும் இன்னொரு முறை கேட்டார். ஊருக்குத் திரும்பியபின் கேலிக்குக் குறைவில்லை. "வாத்தியாரக் காயடிச்சு வுட்டுட்டாங்கப்பா, இனிமே ஏர்லதான் பூட்டணும்" என்று கிணற்றடியில் ஒருவன் சொன்னான். அவனையும் கூப்பிட்டு அதே படத்தை மண்ணில் போட்டுக் காட்டினேன். கேட்டபின், "அவ்வளவுதானுங்களா?" என்றான். ஆகவே தம்பி, எனக்குக் குமட்டுவது அந்தக் கத்தி இல்லை. கேட்டபிறகு செய்வதற்கும், தெரியாமல் வைத்துச் செய்வதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாயே, அதுதான்.

உன் கடிதத்தில் என்னை மடக்குவதற்கு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி, "நீங்கள் மட்டும் வளைந்து கொடுக்கவில்லையா? ஆய்வாளருக்கு மீன் வாங்கி வந்தது யார்?" நான்தான். பள்ளியைப் பார்வையிட ஆய்வாளர் வருகிறார், அவருக்கு ஒகேனக்கல் மீன் என்றால் உயிர் என்று தலைமையாசிரியர் சொன்னார். விடியற்காலை பஸ்ஸில் ஒகேனக்கல் போய், பரிசல்காரர்களிடம் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, ஆமணக்கு இலையில் பொதிந்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். பென்னாகரத்தில் பஸ் நின்றுபோனது. சித்திரை வெயில். மறு பஸ் வருவதற்குள் மீன் தன் குணத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. பின்சீட்டிலிருந்து ஒருவர், "ஏனுங் வாத்தியாரே, நீங்க இங்க இருக்கறீங்க, உங்க மீனு இந்நேரம் தருமபுரி போயிச் சேந்திருக்குமுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்படியும் அந்த ஆய்வாளர் சாப்பிட்டார். முள்ளை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று விசிறினேன். சாப்பிட்டு முடித்து, கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே, "உங்க ஸ்கூல்ல ஒழுங்கு நல்லா இருக்குது" என்றார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் என் கையில் வாடை மறுநாள்வரை போகவில்லை. அது எனக்கு அசிங்கமான நாள், மறுக்கவில்லை. ஆனால் அன்று நாறியது என் கை. குனிந்தது என் முதுகு. எனக்குச் சொந்தமானதை நான் கொடுத்தேன். உன்னிடம் கேட்கிறார்கள் பார், அது உன்னுடையது அல்ல. மாதையனுடையது. வேலைக்காக உன் தூக்கத்தைக் கொடு, உன் மானத்தில்கூடக் கொஞ்சம் கொடு, அது உனக்கும் உன் மனசுக்கும் உள்ள கணக்கு. அடுத்தவன் உடம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அதை வளைந்து கொடுத்தல் என்று சொல்லாதே. அதற்கு வேறு பேர்.

இரண்டாவது கேள்வி, "உங்கள் கொள்கைக்கு அம்மா அல்லவா கஷ்டப்பட்டாள்?" சித்தேரி மலைக்கு என்னை மாற்றியதைச் சொல்கிறாய். பள்ளியில் மத்தியானச் சாப்பாடு போடுகிற இடத்தில், காலனிப் பிள்ளைகளைப் பந்தியில் உட்கார வைக்காமல் சோற்றைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள் என்று ஊர்ப் பெரியதனக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் மலைக்கு மாற்றல் வந்துவிட்டது. ரோடு கிடையாது. உன் அம்மா உன் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள். காய்ச்சலில் படுத்தாள். ஆமாம், என் பிடிவாதத்துக்கு அவள் உடம்பு வருந்தியது. அதை நான் ஒருநாளும் பெருமையாகப் பேசியதில்லை, இனியும் பேசமாட்டேன். உன் கேள்வியை அவளிடமே படித்துக் காட்டினேன். கடலைக்காயை முறத்தில் தட்டிவிட்டுச் சொன்னாள்: "மலை ஏறறப்ப உங்களத் திட்டுனது நெசம். எறங்கறப்பவும் திட்டுனேன். ஆனா அந்தப் புள்ளைங்க பந்தியில உக்காந்து ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னத நான் பாத்தனில்ல. அதனால சும்மா திட்டறதோட வுட்டுட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் என் பக்கம் நின்றுவிட்டாள் என்று நினைக்காதே. அடுத்த வாயிலேயே, "அது அன்னைக்கி. இன்னைக்கி நம்ம புள்ள வேல. மருமவ வளகாப்பு முடிஞ்சு அம்மா வூட்டுல உக்காந்திருக்கா. நாளைக்கிக் கொழந்த பொறந்தா பாலுக்கு எங்க போவான்? மாதையங்கிட்ட நீங்க பேச வேணாம். நான் பேசறேன்" என்று எழுந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நான் வெளியே போன நேரம் பார்த்துப் போவாள் என்று தெரியும்.

மாதையனை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் நீ மறந்துவிட்டாய் என்று தோன்றுவதால் சொல்கிறேன். அவன் என்னிடம் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். திக்குவாய். பாடம் ஒப்பிக்க எழுந்தால் வகுப்பே சிரிக்கும். நான் அதட்டி அடக்கினால் வெளியே போய்ச் சிரிப்பார்கள். ஒருநாள் சிலேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன் வரவே இல்லை. ஆடு மேய்க்கப் போனான். அப்பன் இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளை வளர்த்து, எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைத்தான். நம் பக்கத்தில் பெண் கேட்டுப் போகிற மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொண்டுபோக வேண்டும். தம்பிகளுக்கெல்லாம் கொண்டுபோனதில் அவனுக்குக் கொண்டுபோக எதுவும் மிஞ்சவில்லை. அதனால்தான் இத்தனை வயதுவரை தனிக்கட்டை. வாய் திக்குவதை வைத்து, அவனுக்கு மூளையும் திக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நீயும் அதைத்தானே எழுதியிருக்கிறாய்?

சின்ன வயதில் நீ அவனோடு ஒட்டிக்கொண்டு திரிவாய். அவன் ஒரு பேச்சைத் தொடங்கித் திணறினால் நீ முந்திக்கொண்டு முடித்து வைப்பாய். "ஆ... ஆட்டுக்குட்டி..." என்பான். "காணோமா?" என்பாய் நீ. பாதி நேரம் அவன் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. ஆனாலும் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிடுவான். உன்னைத் திருத்துவதைவிட, நீ சொன்னதையே தான் சொல்ல வந்ததாக வைத்துக்கொள்வது அவனுக்குச் சுலபம். "அவன் முடிக்கட்டும், பொறு" என்று உன்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது நீ எழுதியிருப்பதும் அதேதான். கல்யாணம் ஆகப்போவதில்லை, புரியவும் புரியாது, வந்துவிடுவான் என்று அவனுக்காக எல்லாவற்றையும் நீயே முடித்து வைத்துவிட்டாய்.

உன் அம்மா அவனை ஆட்டுப்பட்டியில் பார்த்திருக்கிறாள். அங்கே நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மாதையா, எம் பையனுக்கு ஒரு ஒத்தாச வேணும்டா. அரூருக்குப் போயி ஒரு ஊசி போட்டுக்கிட்டு வரணும்" என்றிருக்கிறாள்.

"சி... சின்ன வாத்தியாருக்குங்களா?" என்று கையிலிருந்த தழையைக் கீழே போட்டுவிட்டான். "போ... போறனுங்க வாத்தியாரம்மா. அ... அம்மை குத்தற மாதிரி தானுங்களா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டாள் உன் அம்மா.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஊசி என்றால் அம்மை குத்துவதுதான். வீடு வீடாக வந்து கையில் குத்துவார்கள், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், பிறகு ஆயுசுக்கும் பயமில்லை. உன் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஏதோ நல்ல காரியம் வந்திருக்கிறது, தான் கையை நீட்டினால் உனக்கு ஒரு பேர் கிடைக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். என்றைக்கு என்று கேட்டிருக்கிறான். புதன்கிழமை என்றாள். அவன் முகம் வாடிவிட்டது. "பு... புதங்கிழம மட்டும் வேணாங்க. வேற எந்த நாளு சொன்னாலும் போறனுங்க" என்றான். ஏன் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு ஆட்டின் காதைத் தடவுகிறான். அன்றைக்குத்தான் அவனுக்குப் பரிசமாம்.

பென்னாகரத்துக்கு அப்பால் ஓர் ஊரில் பெண். மீன்காரர் மகள். அவளும் வயது ஆனவள்தானாம். எப்படிடா அமைந்தது என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள். "நா... நான் பேசறப்ப அவ சி... சிரிக்கலீங்க வாத்தியாரம்மா" என்றானாம். ஒரு கிடாவைக் காட்டி, இது கல்யாண விருந்துக்கு என்றிருக்கிறான். பரிசத்தன்று தன் பக்கம் பேச ஐயா வர வேண்டும், தான் பேசினால் அந்த வீட்டாருக்குப் பொழுது சாய்ந்துவிடும் என்று தன்னையே கேலி செய்து சிரித்திருக்கிறான். கடைசியில், "பொ... பொறக்கற புள்ளையச் சின்ன வாத்தியாருகிட்டத்தான் வுடுவேன். எ... என்னாட்டம் மூணாவதோட நிக்கக்கூடாதுங்க" என்றிருக்கிறான்.

உன் அம்மா வீட்டுக்கு வந்தவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. கடலைக்கொடி பக்கமும் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளாகச் சொன்னாள்: "அம்மை குத்தற மாதிரி தானான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். எம் புள்ள ஊசின்னு எழுதியிருக்கான், நானும் ஊசின்னுட்டேன். அவன் போறேன்னு சொல்றான், பாருங்க. வேற நாள் வெச்சுக்கலாம்னு சொல்றான்." பிறகு, "போயி நீங்க நெசத்தச் சொல்லிட்டு வாங்க. எனக்கு அவன் மூஞ்சியில முழிக்க முடியாது" என்றாள். தம்பி, மலை ஏறியபோதுகூட அவள் முகம் இப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பிள்ளைமேல் இருந்த பாசத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தை அவள் வாயில் கசந்துகொண்டே இருக்கிறது.

மறுநாள் காலையில் போனேன். எதையும் உதாரணம் காட்டி விளக்குகிற வாத்தியார் நான், எனக்கே அன்று உதாரணம் கிடைக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பேசினேன். அவன் தன் கிடாக்களைப் பார்த்துவிட்டு, "ஆ... ஆட்டுக்கு நாங்க செய்யறதுங்களா ஐயா?" என்றான். இல்லை, அது வேறு, இது வேறு என்று என் உடம்பில் நடந்ததை வைத்தே சொன்னேன். மண்ணில் அதே படத்தைப் போட்டேன். வலி அதிகம் இல்லை, மனுசன் மனுசனாகத்தான் இருப்பான், ஆனால் பிள்ளை பிறக்காது. எனக்கு அது போதும் என்று இருந்தது, அதனால் செய்துகொண்டேன் என்றேன். எல்லாம் அவனுக்குப் புரிந்தது. ஒரு கேள்விகூட அவன் வீணாகக் கேட்கவில்லை. படத்தைக் காலால் அழித்தான். ஓர் ஆட்டின் முதுகில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிய்த்தான். பிறகு பேச ஆரம்பித்தான். அன்று ரொம்பவும் திக்கியது. நான் காத்திருந்தேன்.

"சி... சின்ன வாத்தியாருக்கு... இ... இது... தெ... தெரியுங்களா?"

அவன் முடிக்கும்வரை காத்திருக்காமலே போயிருக்கலாம் என்று என் வாழ்நாளில் முதல் தடவையாகத் தோன்றியது. தெரியாது என்று சொல்லலாம். பரிசம் உனக்குத் தெரியாது, அது நிசம். ஊசி என்று சொல்லச் சொன்னவன் நீதான், அதுவும் நிசம். பாதியைச் சொல்லிவிட்டு வர எனக்கு வாய் வரவில்லை. "அவனையே கேளு மாதையா" என்றேன். தலையாட்டினான். அப்போதும் என்னிடம், "பு... புதங்கிழம வ... வருவீங்கல்ல ஐயா?" என்று கேட்டான்.

தொடக்கத்தில் பிரித்துப் பார்க்கப்போவதாகச் சொன்னேன் அல்லவா? பிரித்துவிட்டேன். மரியாதையை வைத்து ஆளைப் பிடி என்ற அந்த அதிகாரிமேல் எனக்கு அருவருப்பு. மனிதனைக் கேஸ் என்று பங்கு போட்டுக்கொள்ளும் டீக்கடைமேல் அருவருப்பு. செய்தித்தாளில் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகப் படித்துவிட்டு மடித்து வைக்கிறோமே, என்னையும் சேர்த்து, அதன்மேல் அருவருப்பு. இவற்றில் எதற்கும் நீ பொறுப்பில்லை. உன்னை மூலையில் நெருக்கிவிட்டார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஊசி என்று சொன்னால் போதும் என்ற யோசனை எந்த அதிகாரியும் கொடுத்தது இல்லை, தம்பி. அது உன் சொந்தச் சரக்கு. அந்த ஒரு வரிக்கான அருவருப்பு மட்டும் உன் பேரில் நிற்கிறது. அதை நான் வேறு யார் தலையிலும் கட்டமுடியாது. கட்டினால் உன்னை மரியாதைக்குரியவனாக நினைக்கவில்லை என்று ஆகிவிடும்.

வேலை போகாது, கவலைப்படாதே என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது. போனாலும் போகலாம். தைரியம் சொல்வதற்காக உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முழுக்கச் சொல்லிக் கேட்டபின் சரி என்கிற ஆள் கிடைத்தால் கூட்டிக்கொண்டு போ, அதில் அவமானம் இல்லை. கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று அதிகாரியிடம் சொல். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் நான் அரூருக்கு வருகிறேன். உன் பக்கத்தில் வேட்டி சட்டையோடு ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தால் அவர்கள் குரல் கொஞ்சம் தணியும். மாதையனை விட்டுவிட்டுச் சந்தையில் வேறு யாரையாவது பிடித்துக் கொடுத்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. அது உனக்கும் தெரியும். அந்த ஆளும் யாரிடமோ போய், பரிசத்துக்கு என் பக்கம் பேச வாங்க என்று கேட்டிருப்பான். அவ்வளவு மட்டும் நினைத்துக்கொள்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "வந்து கடலக்கா ஆயட்டும். இந்தக் கொடியெல்லாம் நான் ஒருத்தியே ஆய முடியுமா? கொழந்தக்கிப் பால்தானே, மாடு இருக்குது. புள்ளைக்கிப் பால் குடுக்கறப்ப அந்த மாதையன் நெனப்பு வராம இருக்கணும், அதுதான் எனக்கு வேணும்" என்றாள். அவளும் வருகிறாள் பரிசத்துக்கு. தட்டு எடுக்கப் பெண்கள் வேண்டும் அல்லவா? அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் வருகிறாள்.

புதன்கிழமை காலையில் தருமபுரி பஸ் நிலையத்தில், பென்னாகரம் பஸ் நிற்கிற இடத்தில் நாங்கள் இருப்போம். அரூரிலிருந்து முதல் பஸ் பிடித்தால் உன்னால் வந்துவிட முடியும். அன்றைக்கே உனக்கு முகாமும் இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்பதை நான் சொல்லமாட்டேன். நீ வந்தால் மாதையன் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பான். புது வேட்டி கட்டியிருப்பான், வெட்கத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் திக்கும். என்ன கேட்கப்போகிறான் என்று உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் பாதியில் புகுந்து பதில் சொல்லிவிடாதே. பஸ் கிளம்புகிறது என்று கண்டக்டர் விசில் அடித்தாலும் அடிக்கட்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறு.